போட்டோவின் விலை எப்படிச் சரிந்தது? ஒரு சிறு வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

நம் பழைய மாணவர் ஒருவர் சொந்த ஊரிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போன வாரம் போனில் பேசும்போது, "சார், ஹார்ட் டிஸ்க்கில் பதினைந்து வருஷப் படங்கள் சும்மா கிடக்கின்றன. இணையத்தில் படம் விற்கிற தளங்களில் ஏற்றிவிட்டால் மாதாமாதம் ஒரு தொகை வரும் என்கிறார்கள். அதை நம்பிப் புது லென்ஸ் ஒன்றைத் தவணையில் எடுக்கலாமா?" என்று கேட்டார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். அவருக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். இதே தொழிலில் நம் பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள்.

எல்லோரும் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்: "டிஜிட்டல் கேமரா வந்தது, தொழில் படுத்துவிட்டது." அது பாதி உண்மை. நடந்தவை இரண்டு. படத்தின் விலை குறைந்தது ஒன்று. அந்த விலையில் படம் எடுத்தவருக்குக் கிடைக்கும் பங்கு குறைந்தது இன்னொன்று. முதலாவதைக் கருவிகள் செய்தன. இரண்டாவதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுத்துச் செய்தார்கள்.

ஸ்டாக் போட்டோ என்பது என்ன?

நம் ஊர் டியூஷன் சென்டர் பிளெக்ஸில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிப்பாள். பார்த்திருப்பீர்கள். அவள் அந்த டியூஷனில் படித்தவள் அல்ல. வங்கி விளம்பரத்தில் கோட்டுப் போட்டவர்கள் கைகுலுக்குவார்கள். மருத்துவமனை நோட்டீஸில் ஒரு டாக்டர் கைகட்டி நிற்பார். இன்னாருக்கு என்று எடுக்காமல், யாருக்காவது தேவைப்படும் என்று முன்கூட்டியே எடுத்து வைத்த படங்கள் இவை. கையிருப்புச் சரக்கு. அதனால்தான் 'ஸ்டாக்' என்ற பெயர்.

இந்த வியாபாரம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் எச். ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் என்பவர் 1920-இல் தொடங்கிய நிறுவனத்தை முன்னோடி என்பார்கள். அடுத்து ஓட்டோ பெட்மன். ஜெர்மனியில் லைப்சிக் நகரில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் 1935-இல் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் படங்களோடு நியூயார்க் வந்து இறங்கினார். அந்தப் பெட்டிகள்தான் முதல். மறுவருடமே பெட்மன் ஆர்க்கைவ் என்ற படக் களஞ்சியத்தைத் தொடங்கினார். பத்திரிகைக்காரர்களும் பாடநூல் பதிப்பாளர்களும் பழைய படம் வேண்டுமென்றால் அவர் கதவைத்தான் தட்டினார்கள்.

அந்தக் காலத்தில் விலை ஏன் அதிகம்?

1970, 80-களில் ஒரு படம் வாங்குவது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பத்திரிகையோ விளம்பர நிறுவனமோ ஏஜென்சிக்குப் போன் செய்யும். "கடற்கரை, சூரிய உதயம், ஒரு குடும்பம்" என்று கேட்கும். ஏஜென்சியில் இதற்கென்றே இருக்கும் பெண்கள், ஆண்கள், இரும்பு அலமாரிகளைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாகச் செருகிய ஸ்லைடுகளை எடுத்து, விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கூரியரில் அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் ஸ்லைடு பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். மூலப்படம் ஒன்றுதான் இருக்கும். தொலைத்துவிட்டால் ஒரு ஸ்லைடுக்கு 1,500 டாலர் இழப்பீடு என்பது அமெரிக்கத் தொழிலில் வழக்கமாக எழுதப்பட்ட நிபந்தனை.

விற்பனை என்று சொன்னாலும் அது உண்மையில் வாடகைதான். எந்த நாட்டில், எத்தனை பிரதிகளில், அட்டையிலா உள்ளேயா, எத்தனை மாதத்துக்கு என்று ஒவ்வொன்றையும் கேட்டு விலை சொல்வார்கள். அதே படத்தை வேறொருவருக்கு மறுபடி வாடகைக்கு விடலாம். வந்த பணத்தில் ஏஜென்சிக்குப் பாதி, போட்டோகிராபருக்குப் பாதி என்பதுதான் பரவலான வழக்கம். இந்தப் 'பாதிக்குப் பாதி'யை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

வாங்குபவர் கொடுத்தது படத்தின் அழகுக்கான விலை மட்டும் அல்ல. பிலிம் வாங்கிய செலவு, கழுவிய செலவு, வீணான பிரேம்கள், அலமாரி, தேடிக் கொடுத்த ஆளின் சம்பளம், கூரியர், தொலைந்துபோகும் அபாயம் எல்லாம் அதில் இருந்தன.

இதற்கு உங்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் லேபில் ஒவ்வொரு திரையிலும் பார்த்த பச்சைக் குன்று, நீல வானம், வெள்ளை மேகம். விண்டோஸ் எக்ஸ்பி படம். அது வரைந்த படம் என்று உங்களில் பலர் என்னிடம் சண்டை போட்டிருக்கிறீர்கள். அது கலிபோர்னியாவில் சோனோமா பகுதியில் நெடுஞ்சாலை ஓரத்தில் 1996 ஜனவரியில் பிலிமில் எடுத்த நிஜப் படம். எடுத்தவர் சார்லஸ் ஓரியர், நேஷனல் ஜியோகிராபிக் பத்திரிகைக்கு வேலை செய்தவர். வழக்கமாக அங்கே திராட்சைத் தோட்டம் இருக்கும். வேர்ப்பூச்சி தாக்கிக் கொடிகளைப் பிடுங்கிவிட்டதால் அந்தக் காலத்தில் வெறும் புல் முளைத்திருந்தது. அவர் படத்தை ஸ்டாக் ஏஜென்சியில் கொடுத்து வைத்தார். சில வருடம் கழித்து மைக்ரோசாப்ட் அதன் முழு உரிமையையும் கேட்டது. விலையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் மூலப்படத்தை அனுப்பக் கூரியர் நிறுவனங்கள் மறுத்துவிட்டன. அதன் மதிப்பு அவர்களுடைய காப்பீட்டு வரம்பைத் தாண்டியிருந்தது! கடைசியில் மைக்ரோசாப்ட் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்க, அவரே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். பழைய உலகம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

முதல் விரிசல் கேமராவால் வரவில்லை

இங்கேதான் பலரும் வரிசையை மாற்றிச் சொல்கிறார்கள். விலை சரியத் தொடங்கியது டிஜிட்டல் கேமராவால் அல்ல, சிடியால். 1991-இல் சியாட்டில் நகரில் போட்டோடிஸ்க் என்ற நிறுவனம் வந்தது. பிலிமில் எடுத்த படங்களை ஸ்கேன் செய்து, ஒரே சிடியில் நூற்றுக்கணக்கில் போட்டு விற்றது. ஒருமுறை பணம் கட்டினால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வாடகை போய் விற்பனை வந்தது. அதற்கு 'ராயல்டி ஃப்ரீ' என்று பெயர். பலர் அதை 'இலவசம்' என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இலவசம் இல்லை. திரும்பத் திரும்ப வாடகை கேட்க மாட்டோம் என்று மட்டும் அர்த்தம்.

அதே காலத்தில் பெரும் பணக்காரர்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். பில் கேட்ஸ் 1989-இல் தொடங்கிய நிறுவனம் பின்னால் கார்பிஸ் என்று பெயர் பெற்றது. 1995-இல் பெட்மன் களஞ்சியத்தையே அது வாங்கியது. பிறகு அந்த மூலப்படங்களைப் பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், 220 அடி ஆழத்தில், குளிரூட்டிய அறையில் கொண்டுபோய் வைத்தது. இன்னொரு பக்கம், எண்ணெய் அதிபர் ஜே. பால் கெட்டியின் பேரன் மார்க் கெட்டியும் ஜொனாதன் கிளைன் என்பவரும் 1995-இல் தொழில் தொடங்கி, ஏஜென்சிகளை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். போட்டோடிஸ்க்கும் அவர்களிடம் வந்தது. அதுதான் கெட்டி இமேஜஸ். ஊரில் பத்து மளிகைக்கடை இருந்த இடத்தில் இரண்டு பெரிய கடை மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கேமரா செய்த மாற்றம்

டிஜிட்டல் கேமராவின் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1975-இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் கருவியைச் செய்தார். நூறுக்கு நூறு, அதாவது பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட படம். கேசட்டில் பதிய 23 விநாடி ஆகும். அதைச் செய்த கோடக் நிறுவனமே பிலிமை விட மனமில்லாமல் இருந்து 2012-இல் திவால் மனு கொடுத்தது தனிக் கதை.

1999-இல் வந்த நிக்கான் டி1 கேமராவின் விலை 5,000 டாலருக்கும் மேல். செய்தி நிறுவனங்கள்தான் வாங்க முடியும். 2003-இல் கேனன் 300டி வந்தது. 60 லட்சம் புள்ளிகள், லென்ஸ் மாற்றும் வசதி, விலை 1,000 டாலருக்குள். ஒரு நல்ல சம்பளக்காரர் பொழுதுபோக்குக்கு வாங்கிவிடலாம் என்ற நிலை வந்தது அப்போதுதான்.

விலையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பிலிமில் 36 தடவைதான் அமுக்கலாம். ஒவ்வொரு தடவையும் காசு. தப்பு எங்கே என்று தெரியக் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் கற்றுக்கொள்ளப் பல வருடமும் நிறையப் பணமும் தேவைப்பட்டன. டிஜிட்டலில் அடுத்த படம் இலவசம், தப்பு உடனே திரையில் தெரியும். பத்து வருடப் பழக்கத்தை ஆர்வமுள்ள ஒருவர் இரண்டு வருடத்தில் பெற்றார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நல்ல படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு டாலர் கடைகள்

அவர்கள் எடுத்த படங்கள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே? கனடாவில் கால்கரி நகரைச் சேர்ந்த புரூஸ் லிவிங்ஸ்டன் 2000-இல் ஐஸ்டாக்போட்டோ என்ற தளத்தைத் தொடங்கினார். முதலில் வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் படங்களை இலவசமாக மாற்றிக்கொள்ளும் இடமாகத்தான் அது இருந்தது. கூட்டம் பெருகிச் செலவு ஏறியதும் படத்துக்கு ஒரு சிறு தொகை வாங்க ஆரம்பித்தார்கள். 2003-இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் தான் எடுத்த 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக் தொடங்கினார். அங்கே தொடக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் விலை என்பதே இருக்கவில்லை. மாதச் சந்தா கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவை 2006-இல் வயர்ட் பத்திரிகையில் ஜெஃப் ஹவ் எழுதிய கட்டுரை காட்டியது. 'கிரவுட்சோர்சிங்' என்ற சொல்லே அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது. வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்கு நோயாளிகளின் படங்கள் தேவைப்பட்டன. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு தொழில்முறை போட்டோகிராபர் தன் வழக்கமான விலையைப் பாதியாகக் குறைத்து, படத்துக்கு 100 முதல் 150 டாலர் என்றார். அருங்காட்சியகத்தார் ஐஸ்டாக்போட்டோவில் படம் ஒரு டாலர் அளவுக்குக் கிடைப்பதைப் பார்த்து அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அந்தப் போட்டோகிராபருக்கு 2000-இல் 100 ஸ்டாக் படங்களிலிருந்து சுமார் 69,000 டாலர் வந்தது. ஐந்தே வருடத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வைத்தும் 59,000-தான் வந்தது. ஒரு படத்துக்கு 690 டாலர் என்பது 59-க்கும் கீழே போயிற்று. உழைப்பு பத்து மடங்கு, வருமானம் குறைவு.

2009 ஏப்ரலில் டைம் பத்திரிகை, சிக்கனம் பற்றிய இதழின் அட்டையில் நாணயங்கள் போட்ட ஒரு கண்ணாடி ஜாடியின் படத்தைப் போட்டது. அது ஐஸ்டாக்போட்டோவில் வாங்கியது. எடுத்தவருக்குக் கிடைத்தது முப்பது டாலர் சொச்சம். டைம் அட்டைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிப் பழகியவர்கள் கொதித்துப் போனார்கள். எடுத்தவரோ தன் படம் டைம் அட்டையில் வந்ததே பெருமை என்று சந்தோஷப்பட்டார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஒருவருக்கு அது அரிசி வாங்கும் காசு, இன்னொருவருக்குக் கைச்செலவு. சம்பளம் வேறு இடத்தில் வரும் ஒருவரோடு, அதையே நம்பியிருப்பவர் விலையில் போட்டி போட முடியாது.

இந்த மாற்றத்தால் நன்மையும் உண்டு. முன்பு நியூயார்க்கிலோ லண்டனிலோ ஏஜென்சிக்காரர்களைத் தெரிந்தால்தான் உள்ளே நுழைய முடியும். இப்போது கம்பத்திலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் படம் ஏற்றலாம். சின்னப் பள்ளிக்கூட ஆண்டுமலர்கூட நல்ல படத்தோடு வருகிறது. 150 டாலர் கொடுத்து அவர்கள் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது மாற்றம்: பங்கு

இதுவரை சொன்னதெல்லாம் கருவியும் சந்தையும் செய்தவை. இனிமேல் சொல்வது அப்படி அல்ல.

பாதிக்குப் பாதி என்றேனே, ஐஸ்டாக்கில் சாதாரண உறுப்பினருக்கு அது 20 சதவீதமாக இருந்தது. 2006-இல் கெட்டி நிறுவனம் 5 கோடி டாலருக்கு ஐஸ்டாக்கை வாங்கியது. 2010-இல் புதிய கணக்கு அறிவித்தார்கள். பலருக்கு 15 சதவீதம் வரை இறங்கியது. நிறுவனம் சொன்ன காரணம்: வியாபாரம் வளர வளர, போட்டோகிராபர்களுக்குப் போகும் பங்கு கூடி லாபம் குறைகிறது. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், ஷட்டர்ஸ்டாக் தன் கணக்கை மாற்றியது. 15 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம், ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கே இறங்க வேண்டும். ஒரு படத்துக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். பல வருடம் உழைத்தவர்கள் தங்கள் படங்களை எடுத்துவிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கணக்கு மாறவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய முறையில் 150 டாலருக்கு ஒரு படம் போனால் போட்டோகிராபருக்கு 75. ஒரு டாலர் படத்தில் 20 சதவீதம் என்றால் அதே 75-ஐப் பார்க்க 375 முறை விற்க வேண்டும். 15 சதவீதம் என்றால் 500 முறை. ஒரு டாலர் படத்திலும் பாதிக்குப் பாதி இருந்திருந்தால் 150 முறை போதும். 150-க்கும் 500-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்கு எந்தக் கேமராவும் பொறுப்பில்லை.

"விலை குறைந்தால் பங்கும் குறையத்தானே வேண்டும், செர்வர் செலவு இருக்கிறதே" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் ஐஸ்டாக்கைத் தொடங்கிய அதே லிவிங்ஸ்டனிடமிருந்தே வந்தது. அவர் வெளியே வந்து 2013-இல் சிலரோடு சேர்ந்து கனடாவில் ஸ்டாக்ஸி என்று ஒன்று தொடங்கினார். அது கூட்டுறவுச் சங்கம். நம் பால் சொசைட்டி மாதிரி, படம் எடுப்பவர்களே உறுப்பினர்கள், உரிமையாளர்கள். சாதாரண விற்பனையில் 50 சதவீதம் போட்டோகிராபருக்கு. அதே இணையம், அதே டிஜிட்டல் கேமரா. ஆனால் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்க்கிறார்கள், விலையும் ஒரு டாலர் அல்ல. எல்லோருக்கும் இடமில்லை என்பது அதன் குறை. ஆனாலும் பங்கைத் தீர்மானிப்பது கருவி அல்ல என்பதற்கு அது போதுமான சாட்சி.

பிறகு நடந்தவை

அடோபி நிறுவனம் ஃபோட்டோலியா என்ற மலிவுத் தளத்தை 80 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-இல் பில் கேட்ஸ் கார்பிஸைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார். 2020-இல் கெட்டி, விளம்பர வகைப் படங்களுக்கு அந்தப் பழைய வாடகை முறையையே நிறுத்தியது. அன்ஸ்பிளாஷ் போன்ற தளங்கள் ஒரு டாலரும் வேண்டாம், சும்மா எடுத்துக்கொள் என்றன. 2021-இல் அதையும் கெட்டி வாங்கியது. இப்போது எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. தன் படங்களை அனுமதியில்லாமல் பயிற்சிக்கு எடுத்தார்கள் என்று ஸ்டெபிலிட்டி ஏஐ மீது கெட்டி 2023-இல் வழக்குப் போட்டது. ஷட்டர்ஸ்டாக்கோ பணம் வாங்கிக்கொண்டு தன் படங்களைப் பயிற்சிக்குக் கொடுத்தது. அந்தப் பணத்தில் போட்டோகிராபருக்கு எவ்வளவு என்ற பழைய கேள்விதான் மறுபடி எழுகிறது. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப்போவதாக அறிவித்தார்கள்.

நம் ஸ்டூடியோ தம்பிக்கு

தம்பி, இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

முதலில், ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கல்யாணப் படங்களைத் தொடாதே. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதோடு, முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்கு விற்க, படத்தில் இருப்பவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தைத் தளங்கள் கேட்கும். மணப்பெண்ணின் படம் ஏதோ ஒரு ஊரில் மருந்து விளம்பரத்தில் வந்தால், நீ அந்தத் தெருவில் நடக்க முடியாது.

இரண்டாவது, சூரிய உதயம், ரோஜாப்பூ, காபிக் கோப்பை வேண்டாம். அவை கோடிக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. உனக்குச் சுலபமாகவும் மற்றவர்களுக்குக் கஷ்டமாகவும் இருப்பதை எடு. பனை ஏறுபவர், உப்பளத்தில் வேலை செய்பவர், தறி, நாற்று நடவு. அவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கு. வாங்கும்போது எதற்கு என்று சொல்லி, கையில் ஏதாவது கொடு. பங்கைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அவர்களுக்கு ஒன்றுமில்லை என்பது நியாயமாகாது.

மூன்றாவது, எந்தத் தளத்தில் சேர்ந்தாலும் மூன்று விஷயம் படித்துப் பார். எனக்கு எத்தனை சதவீதம்? வேறு இடத்தில் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டா? செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு என் படத்தைக் கொடுப்பார்களா, மறுக்க வழி உண்டா? ஆங்கிலம் புரியவில்லை என்றால் எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

லென்ஸ் விஷயம்: கல்யாண வேலைக்கு அது தேவை என்றால் அந்த வருமானத்தை வைத்துத் தவணை கட்ட முடியுமா என்று பார்த்து வாங்கு. ஸ்டாக் படத்தை நம்பி வாங்காதே. அதில் வருவது வந்தால் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆகட்டும்.

இன்னொரு யோசனையும் மனதில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் கேமரா பிடிப்பவர்களே எட்டுப் பத்துப் பேர் இருக்கிறீர்கள். நம் மாவட்டத்தின் தொழில்கள், திருவிழாக்கள், பறவைகள் என்று நல்ல படங்களைச் சேர்த்து, நீங்களே விலை வைத்து, பதிப்பகங்களுக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் நேராகக் கொடுக்க முடியுமா? பங்கை நீங்களே பேசி முடிவு செய்யலாம். விருப்பம் உள்ளவர்கள் எழுதுங்கள். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம். காபிக்கு உங்கள் அம்மா பொறுப்பு என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்